கலைச்சொல் விவாதம்: ‘ஆவியழுத்தப் பற்றாக்குறை’ வேண்டாம், ‘ஆவியீர்ப்பு’ ஆகுமா?

குழுவினருக்கு வணக்கம்.

அடித்தள வளர்ப்பறை (வீட்டின் நிலவறையில் விளக்கொளியில் செடி வளர்க்கும் அறை) பற்றிய நம் கையேட்டில் வெப்பமும் காற்றோட்டமும் பற்றிய இயல் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. வளர்ப்பவர்கள் அதை ‘வி.பி.டி.’ (vapour pressure deficit என்பதன் சுருக்கம்) என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். வரைவில் ‘ஆவியழுத்தப் பற்றாக்குறை’ என்று இருக்கிறது. அதை எடுத்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி.

முதலில் பொருள். ஒவ்வொரு வெப்பநிலையிலும் நீராவியின் அழுத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதுதான் தெவிட்டிய ஆவியழுத்தம். அதிலிருந்து அறையில் இப்போது உள்ள ஆவியழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதைத்தான் வி.பி.டி. என்கிறார்கள். ஒப்பு ஈரப்பதத்தை (இலங்கை வழக்கில் சாரீரப்பதன்) மட்டும் பார்த்துச் செடியின் நிலையைச் சொல்ல முடியாது. ஈரப்பதம் 60 விழுக்காடாகவே இருக்கட்டும்: 20 டிகிரி செல்சியசில் மிஞ்சுவது 0.94 கிலோபாஸ்கல், 25 டிகிரியில் 1.27, 30 டிகிரியில் 1.70. ஈரமானி அசையவே இல்லை. இலையிலிருந்து நீரை வாங்கும் காற்றின் வல்லமை மட்டும் கிட்டத்தட்ட இரட்டித்துவிட்டது.

> பற்றாக்குறை என்பது நிதிநிலை அறிக்கை வரை நிலைத்துவிட்ட சொல்தானே, இங்கும் இருந்துவிட்டுப் போகட்டுமே.

நிலைத்துவிட்டதுதான் தொல்லை. பற்றாக்குறை என்று படித்ததும் அதை எப்படிப் போக்குவது என்றுதான் மனம் போகும். சுழியமாகிவிட்டால் நிம்மதி. ஆனால் இங்கே சுழியம் என்றால் ஆபத்து. இலைத்துளை திறந்திருந்தும் நீராவி வெளியேறாது. நீராவிப்போக்கு தளர்ந்தால் வேரிலிருந்து நீர் ஏறுவதும் தளரும். அந்த நீரோடு வரவேண்டிய கால்சியம் இளந்தளிருக்கு எட்டாது. லெட்யூஸில் உள்ளிலைகளின் ஓரம் கருகுவது பெரும்பாலும் இப்படித்தான். இலையில் ஈரம் தங்கினால் சாம்பல் பூஞ்சையும் வந்து குந்தும். தழை வளரும் பருவத்தில் 0.8 முதல் 1.2 கிலோபாஸ்கல் வரை வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். ‘பற்றாக்குறையை 1.0 அளவில் பராமரிக்கவும்’ என்று எழுதிப் பாருங்கள், அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்கள்.

> அப்படியானால் ‘ஆவியழுத்தக் குறை’ என்று சுருக்கலாம்.

இதே இயலில் ‘குறையழுத்தம்’ இருக்கிறதே! உள்ளே வருவதைவிட அதிகக் காற்றை வெளியேற்று விசிறி தள்ளும்போது, அறைக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்றுத் தாழும். அதற்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே ஒப்புக்கொண்டோம். (‘எதிர்மறை அழுத்தம்’ என்று எழுதாமல் தப்பித்ததே பெரிது.) இது சில பாஸ்கல் அளவு, வி.பி.டி.யோ ஆயிரம் பாஸ்கலை ஒட்டியது. அடுத்தடுத்த பத்தியில் குறையழுத்தமும் அழுத்தக்குறையும் வந்தால் படிப்பவர் எதைக் கூட்டுவார், எதைக் குறைப்பார்? குறையழுத்தத்தை இஷ்டத்துக்குக் கூட்டவும் கூடாது. தரை விரிசல் வழியே மண்ணுக்குள் இருக்கும் வளியும் அதோடு ரேடான் என்ற கதிரியக்க வளியும் அடித்தளத்துக்குள் இழுக்கப்படும்.

> ‘ஆவி இடைவெளி’ அழகாக இருக்கிறது.

அழகுதான். ஆனால் பயிர் வளர்ப்பவருக்கு இடைவெளி என்றால் செடிக்குச் செடி விடும் இடம். ‘இரவில் இடைவெளி குறையாமல் பார்த்துக்கொள்க’ என்று படித்துவிட்டுத் தொட்டிகளை நகர்த்தி வைப்பார்.

என் பரிந்துரை ‘ஆவியீர்ப்பு’. கூடும், குறையும், சுழியமாகும். எல்லா வினையோடும் ஒட்டும். ‘ஆவியீர்ப்பு கூடினால் நீராவிப்போக்கு கூடும், மிதமிஞ்சினால் இலைத்துளை மூடிக்கொள்ளும்’ என்று எழுதினால் காரணமும் விளைவும் சொல்லிலேயே தெரிகின்றன.

இயலில் உள்ள கடினமான பத்தியில் போட்டுப் பார்த்தேன். விளக்கு எரியும்போது காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு. அறையின் ஆவியழுத்தம் 1.90, ஆவியீர்ப்பு 1.27. விளக்கு அணைந்து அறை 18 டிகிரிக்கு இறங்குகிறது. புதிதாகச் சொட்டு ஈரம்கூடச் சேரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். உச்சவரம்பு 2.06 ஆகச் சுருங்கிவிட்டதால் ஈரப்பதம் 92 விழுக்காட்டைத் தொடும். ஆவியீர்ப்பு வெறும் 0.16. மண்ணை ஒட்டிய சுவர் 15 டிகிரியில் இருந்தால் அங்கே வரம்பே 1.70 தான். அந்தச் சுவர் விளக்கு எரியும்போதே வியர்க்கத் தொடங்கியிருக்கும். ஆகவே விளக்கோடு சேர்த்து விசிறியையும் நிறுத்தாதே என்ற அறிவுரை இந்தச் சொல்லோடு தானாகவே வந்து உட்காருகிறது.

இன்னொன்று. ‘காற்றோட்டம்’ என்ற ஒரே சொல் வரைவில் இரண்டு வேலை பார்க்கிறது. உள்காற்றை வெளியேற்றிப் புதுக்காற்றை எடுப்பதைக் ‘காற்றுமாற்றம்’ என்றும், அறைக்குள்ளேயே விசிறியால் அலைக்கழிப்பதைக் ‘காற்றுச்சுழற்சி’ என்றும் பிரித்துவிடலாம். 600 வாட் விளக்கு தின்னும் மின்சாரம் முழுக்கக் கடைசியில் வெப்பம்தான். உள்ளே வரும் காற்றைவிட அறை 5 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருக்க, சுவர் வழியே போகும் வெப்பத்தையும் இலை ஆவியாக்கும் நீரையும் விட்டுவிட்டால், மணிக்குச் சுமார் 360 கனமீட்டர் காற்று மாறவேண்டும். சுழற்சி விசிறி நாள் முழுக்க ஓடினாலும் அதில் ஒரு வாட்டைக்கூட வெளியே கொண்டுபோகாது. அது இலையை ஒட்டித் தேங்கும் ஈரக்காற்றைக் கலைக்கும், அவ்வளவுதான். அதுவும் வேண்டியதே, ஆனால் வேறு வேலை.

அன்புடன்.

*

மறுமொழி:

வணக்கம். பற்றாக்குறையை விடுவதில் எனக்கு மறுப்பில்லை. ‘ஈர்ப்பு’தான் உறுத்துகிறது. காற்று எதையும் ஈர்ப்பதில்லை. ஆவி செறிந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்துக்குப் பரவுகிறது. அலகோ கிலோபாஸ்கல். ஈர்ப்பு என்றதும் மாணவர் நியூட்டனைத் தேடிப் போவார்.

இரண்டாவது, எந்த வெப்பநிலையில் கணக்கிடுவது? நல்ல நீராவிப்போக்கு உள்ள இலை காற்றைவிட ஓரிரு டிகிரி குளிர்ந்திருக்கும். உங்கள் 25 டிகிரி அறையில் இலை 23 டிகிரியில் இருந்தால் அதன் வரம்பு 2.81, கழித்தால் 0.91, 1.27 அல்ல. செடிக்கு முதலாவதுதான் உண்மை. இந்த வேறுபாட்டை உங்கள் சொல் தாங்குமா?

*

மறுமொழி:

ஐயா, முதல் கேள்விக்கு: பாடநூல்களில் ‘நீராவிப்போக்கின் இழுவிசை’ ஏற்கெனவே இருக்கிறது. செடியில் நீர் மேலேறுவதை விளக்க டிக்சனும் ஜோலியும் 1894-இல் முன்வைத்த கொள்கையைப் படிக்கும் மாணவர், இலை ஆவியை இழப்பதால் தண்டின் நீர்த்தம்பம் மேலே இழுபடுகிறது என்று படித்துவிட்டுத்தான் வருகிறார். அதன் மறுமுனைக்கு ஈர்ப்பு பொருந்தும். அலகு பற்றிய உறுத்தல் நியாயமானது. வரையறைப் பத்தியில் ‘ஆவியீர்ப்பழுத்தம்’ என்ற முழுப்பெயரைக் கொடுத்து, அங்கேயே கழித்தல் சூத்திரத்தையும் வைத்துவிடுகிறேன். மற்ற இடங்களில் ஆவியீர்ப்பு போதும். நியூட்டனுக்கு அங்கே இடமிருக்காது.

இரண்டாவது கேள்விதான் சொல்லுக்கு வலு சேர்க்கிறது. ‘காற்று ஆவியீர்ப்பு’, ‘இலை ஆவியீர்ப்பு’ என்று முன்னொட்டுப் போட்டால் முடிந்தது. பழைய சொல்லில் ‘இலைப் பற்றாக்குறை’ என்று எழுதியிருந்தால் செடியில் இலை போதவில்லை என்றல்லவா ஆகியிருக்கும்! இலை வெப்பநிலையை அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்கச் சொல்லும் குறிப்பையும் அந்தப் பத்தியிலேயே சேர்த்துவிடலாம்.

வேறு மறுப்பு வராவிட்டால் அட்டவணையின் தலைப்புகளை ‘காற்று வெப்பநிலை, இலை வெப்பநிலை, ஒப்பு ஈரப்பதம், இலை ஆவியீர்ப்பு’ என்று மாற்றி அனுப்புகிறேன். ‘ஈரநீக்கி’யா ‘ஈரமகற்றி’யா என்பதை மட்டும் தனி இழையில் வைத்துக்கொள்வோம், அதற்கு இருதரப்பிலும் ஆள் திரண்டிருக்கிறது.