கடலட்டைத் தீவனம்: 'கழிவு' வேண்டாம், 'கோது' போதும்

கலைச்சொல் அகராதிக் குழுவினருக்கு வணக்கம்.

இறால், நண்டு, சிப்பி ஆகியவற்றைப் பதப்படுத்தும்போது மிஞ்சுவதைக் கடலட்டைக்கு (கடலடியில் ஊர்ந்து வாழும் உருளை வடிவ உயிர்) தீவனமாக்கும் முறைக்கு 'ஓடுடைக் கடலுயிரிப் பதப்படுத்தல் கழிவுத் தீவனம்' என்ற தொடர் இங்கே முன்வைக்கப்பட்டது. பொருளில் குறையில்லை. ஆனால் பண்ணைக் கையேட்டில் பக்கத்துக்கு நான்கு முறை எழுத வேண்டிய பெயர் இத்தனை நீளமாக இருந்தால், அடுத்த பதிப்பிலேயே அதை ஆங்கில எழுத்துச் சுருக்கம் ஒன்று விழுங்கிவிடும். நீளத்தைவிடப் பெரிய இடையூறு அதிலுள்ள 'கழிவு'.

கடலட்டை வளர்ப்பில் கழிவு என்று சொல்லத்தக்கவை இரண்டு. ஒன்று, பதப்படுத்தும் கூடத்திலிருந்து வரும் தலை, ஓடு, கால், குடல். மற்றொன்று, கயிற்றில் தொங்கவிட்டு வளர்க்கும் சிப்பிகள் கீழே உதிர்க்கும் மலமும் அவை தின்னாமல் ஒதுக்கிய துகளும். சீனாவின் சாண்டோங் கரையோரத்திலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் சிப்பி வளர்ப்போடு கடலட்டையைச் சேர்த்து வளர்த்துப் பார்த்தது இந்த இரண்டாவதை நம்பித்தான். முதலாவதை உலர்த்தி, அரைத்து, அளந்து போட வேண்டும். இரண்டாவது தானாக விழுகிறது, அட்டை தானாகத் தின்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் கையேட்டைப் படிப்பவர் எதை எப்போது இட வேண்டும் என்று தடுமாறுவார். இரண்டாவதற்குச் 'சிப்பி எச்சம்' என்பதே போதும். பறவை எச்சம் என்று சொல்லிப் பழகிய நமக்கு விளக்கம் தேவைப்படாது.

முதலாவதற்குத் தமிழின் பழைய வழக்கத்தைப் பார்ப்போம். எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சுவதை நாம் எண்ணெய்க் கழிவு என்பதில்லை, பிண்ணாக்கு என்கிறோம். அரிசி தீட்டியதில் மிஞ்சுவது தவிடு. மாட்டுக்குப் போகும் பொருளுக்குத் தனிப்பெயர் கொடுப்பதே நம் வழக்கம். அந்த வகையில் நான் முன்வைக்கும் சொல் 'கோது'. முட்டைக்கோது என்னும் ஈழ வழக்கில் அது ஓட்டைக் குறிக்கிறது. சாறு பிழிந்தபின் எஞ்சும் சக்கை என்ற பொருளும் அதற்கு உண்டு. ஓடு, எஞ்சியது என்ற இரண்டு கருத்தும் ஈரெழுத்தில் அடங்குகின்றன. பொதுப்பெயராகக் 'கோதுத் தீவனம்' என்று வைத்துக்கொள்ளலாம். 'ஓட்டுத் தீவனம்' என்றால் தமிழ்நாட்டில் தேர்தல் நினைவு வராமல் இராது.

வடிவத்துக்கேற்பத் துணைப்பெயர்களும் தேவை. உலர்த்தி அரைத்ததைக் 'கோதுத் தவிடு' என்று எழுதவே முதலில் விரும்பினேன்; ஆனால் அச்சில் அது கோதுமைத் தவிட்டின் எழுத்துப்பிழை போலத் தெரியும், கோதுமைத் தவிடோ கடையில் உண்மையாகவே கிடைக்கும் தீவனம். எனவே 'கோதுத்தூள்'. அமிலம் சேர்த்தோ நுண்ணுயிர் கொண்டு புளிக்கவைத்தோ பதனிட்டதற்குக் 'கோது ஊறல்'. கால்நடைத் துறையில் புளிக்கவைத்த பசுந்தீவனத்துக்கு ஊறுகாய்ப்புல் என்ற சொல் நிலைத்துவிட்டதால் ஊறல் அந்நியமாகாது. கள்ளச்சாராய ஊறலை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

தூளையும் ஊறலையும் பிரிப்பது சொல்லழகுக்காக அன்று. இறால், நண்டு ஓடுகளில் புரதம் 20 முதல் 40 சதவீதம், சுண்ணாம்புக் கார்பனேட் 20 முதல் 50 சதவீதம், கைட்டின் என்னும், ஓட்டுக்கு உறுதி தரும் நார்ப்பொருள் 15 முதல் 40 சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். கடலட்டைக்குப் பல்லும் தாடையும் இல்லை; பண்ணைகளில் வளர்க்கும் வகையான வெள்ளை அட்டை, வாயைச் சுற்றியுள்ள குட்டையான உணர்கொம்புகளால் மணலை அள்ளி விழுங்கி, அதில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்களையும் மட்கையும் செரித்துவிட்டு, மணலைக் கயிறு கயிறாகப் பின்னால் விட்டுச் செல்கிறது. ஆகவே கரடுமுரடான ஓட்டுத்துண்டு அதற்கு உணவாகாது. மாவுபோல அரைத்து மணலோடு கலந்தால்தான் உள்ளே போகும், புளிக்கவைத்தால் கைட்டினோடு பிணைந்த புரதம் ஓரளவு விடுபடும். அளவு மிஞ்சினால் தின்னாத புரதம் அடிமணலில் அழுகி, மணல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எழும். அந்த நாற்றம் வந்த தொட்டியில் தீவனத்தைக் குறைப்பதோடு நிற்காமல் மணலையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இச்சொல்லை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதையும் எண்ண வேண்டும். வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கும் நுட்பம் 1988-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கைகூடியது. ஆனால் 2001 முதல் கடலட்டைகள் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது பிடிக்கவும் விற்கவும் தடையுள்ள உயிர்களின் பட்டியலில், இருப்பதால், விற்பனைக்கான பண்ணை இந்தியாவில் இல்லை. பண்ணைகள் பெரும்பாலும் இருப்பது இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார்க் கரைகளில். நண்டுச் சதையெடுக்கும் கூடங்களும் அதே வட்டாரத்தில் இருக்கின்றன. நண்டின் எடையில் பாதிக்கு மேல் அங்கே கோதாகத்தான் மிஞ்சுகிறது. கடலில் வேலியடைத்த பண்ணைகளில் பொதுவாகத் தீவனம் இடுவதில்லை என்பதால், கோதுத்தூளுக்கு இடம் பொரிப்பகத்திலும் குஞ்சு வளர்க்கும் தொட்டியிலும்தான். பண்ணைகளும் நண்டுக் கூடங்களும் அவ்வட்டாரத்தில் இருப்பதே ஈழ வழக்கைத் தேர்ந்ததற்குக் காரணம்.

கோதுக்குக் குற்றம் என்ற பொருளும் உண்டே என்று இலக்கிய அன்பர்கள் கேட்கக்கூடும். 'கோதிலா' என்று பாடலில் படிப்பவர் தீவன மூட்டையில் குற்றம் தேட மாட்டார்.

வடபகுதி உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். சதையெடுத்த நண்டோட்டைக் கூடையில் வாரிக் கொட்டும் பெண்கள் அதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் வேறு சொல் இருந்தால் அகராதியில் அதுவே ஏறட்டும். என் பரிந்துரையை விலக்கிக்கொள்கிறேன்.