மறு: அலோரெகக்னிஷன் – அயலறிதலா, பிறிதறிதலா?

ஐயா, வணக்கம். ஓர் உயிரி தன் இனத்திலேயே இன்னொன்றை ‘இது நான் இல்லை’ என்று அறிவதுதான் அலோரெகக்னிஷன். அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன ‘அயலறிதல்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே மதுரையில் தமிழ்வழி விலங்கியல் வகுப்பில் ‘அயல்’ என்று வாயெடுத்தாலே பிள்ளைகள் பாக்டீரியாவுக்குப் போய்விடுகிறார்கள். இந்தக் கதையில் பாக்டீரியாவே கிடையாது.

உதாரணத்துக்குப் பொட்ரில்லஸ் ஷ்லோசெரி. இது கடலில் பாறையிலும் படகின் அடியிலும் வழவழவென்று படரும் கூட்டுயிரி. ஒவ்வோர் உயிரும் சில மில்லிமீட்டர்தான். நட்சத்திரம்போல வட்டம் கட்டி நிற்கும், எல்லாவற்றுக்கும் ஒரே இரத்தக்குழாய் வலை. இரண்டு கூட்டங்கள் படர்ந்து முட்டிக்கொண்டால் ஓரத்துக் குழாய் நுனிகள் தொட்டுப் பார்க்கும். எஃப்.யு.எச்.சி. என்ற மரபணு இடத்தில் ஓர் அல்லீலாவது (ஒரே மரபணுவின் மாற்று வடிவம்) இரண்டுக்கும் பொதுவாக இருந்தால் குழாய்கள் சேர்ந்து இரத்தம் கலந்துவிடும். இல்லையென்றால் தொட்ட இடம் கருத்துச் செத்து, இரண்டும் ஒதுங்கிக்கொள்ளும். நம் ஊரில் பத்துப் பொருத்தம் பார்ப்போம். இதற்கு ஒன்று போதும். அந்த ஒன்று அமைவதுதான் கஷ்டம். ஒரே கடற்பகுதியில் பத்துக்கணக்கில், சில சமயம் நூற்றுக்கணக்கில்கூட அல்லீல்கள் உண்டு. அதனால் பெரும்பாலும் சொந்தபந்தம்தான் சேரும். அதுவும் நல்லதற்கே: சேர்ந்தபின் ஒன்றின் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) மற்றதன் இனப்பெருக்க உறுப்பையே பிடித்துக்கொள்வதுண்டு. 2005-இல் இதற்கான மரபணுவாக இருக்கலாம் என்று ஒன்றை முன்வைத்தார்கள்.

ஆக, எதிரே நிற்பது அதே இனம், ஆனால் ‘நான்’ இல்லை. ‘அயல்’ வேற்றினத்துக்கே இருக்கட்டும். தன்னொட்டு (தன் திசு), பிறவொட்டு (தன் இனத்து இன்னொன்றின் திசு), அயலொட்டு (வேற்றினத் திசு) என்று ஒட்டுத்திசுக்களுக்கும் அதே வரிசை சரியாக வரும். இன்னொரு நண்பர் சொன்ன ‘பிறனறிதல்’ நல்ல சொல்தான். என்றாலும் பிறன் உயர்திணை, கடற்பிராணிக்கு ஒட்டவில்லை. வள்ளுவர் ‘பிறிதின் நோய்’ என்னும்போது பிறிது என்பது இன்னோர் உயிர். எனவே என் ஓட்டு ‘பிறிதறிதல்’.

‘திசுப்பொருத்தம்’ போதாதா என்று கேட்டவருக்கு: பொருத்தம் ஒரு நிலை, அறிதல் ஒரு செயல். (ஆஸ்பத்திரி வராந்தாவில் “கிட்னி மேட்ச் ஆகலை” என்பார்களே தவிர, திசுப்பொருத்தம் என்று யார் சொல்கிறார்கள்!) அல்லீல் அப்படியே இருக்கட்டும். பாலிமார்ஃபிசத்துக்கு (ஒரே மரபணு பல வடிவங்களில் இருப்பதற்கு) ‘பல்லுருமை’ எனக்குச் சம்மதம்; ‘பல்வகைமை’ வேண்டாம், அது உயிரினங்களின் கணக்குக்குப் போய்விட்டது.

அப்புறம், கூட்டங்கள் சேர்வதற்கு ‘இணைவு’ போதும். ஒதுக்குவதற்கு ‘ஒவ்வாமை’ என்று போட முடியாது, அதை அலர்ஜி எடுத்துக்கொண்டது. ‘நிராகரிப்பு’ தவிர வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.