சம்பள வரியில பெற்றோல் காசைக் கழிக்கலாமோ?

கிளிநொச்சிப் பெடியன்:
தனியார் கொம்பனியில தொழில்நுட்ப உத்தியோகத்தர். சம்பளம் 210,000, அதில மாசம் 3,600 வரி வெட்டுப்படுது. சைற் பாக்கப் பரந்தனால முல்லைத்தீவு மட்டும் ஏ-35 றோட்டில ஓடுற பெற்றோல் என்ர காசு. மெல்பேண் மச்சான் வேலை உடுப்புத் தோய்க்கிறதைக்கூட வரியில கழிக்கிறானாம், 150 டொலர் மட்டும் பில்லே தேவையில்லையாம். எனக்கும் அப்பிடி ஏதும் இருக்கோ? ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய பெற்றோல் பில் கிடக்கு. பாதியில எழுத்தே மங்கிப்போச்சு.

வவுனியாக் கணக்கர்:
தம்பி, அது அங்கத்தைய சட்டம். இஞ்ச 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில சம்பளத்துக்கு எதிரா செலவு கழிக்கேலாது. வருசம் 1,800,000 நிவாரணம் இருக்கு, அதைக் கழிச்சுத்தான் அந்த 3,600.
பெற்றோலைக் கொம்பனியிட்டக் கேளுங்கோ. அவைக்காக நீங்கள் செலவழிச்சதை பில்லுக்குத் திருப்பித் தந்தால் அது சம்பளமில்லை, வரியுமில்லை. சும்மா ‘அலவன்ஸ்’ எண்டு போட்டுத் தந்தால் அதுக்கும் வரி. வீட்டில இருந்து கந்தோருக்கு ஓடுறது இதில சேராது.
வேற உழைப்பு இருக்கோ?

கிளிநொச்சிப் பெடியன்:
இரவில வீட்டுப் பிளான் கீறிக் குடுக்கிறன் அண்ணை. வருசம் ஒரு 480,000 வரும். அதையும் காட்டவேணுமோ?

வவுனியாக் கணக்கர்:
காட்டத்தான் வேணும். ஆனா நீங்கள் கோட்டை விட்டதும் அங்கதான். அது சம்பளமில்லை, சொந்தத் தொழில் வருமானம், உழைக்கச் செலவழிச்சதைக் கழிக்கலாம். வருசச் சம்பளத்தில நிவாரணம் போக வரிக்குள்ள வாறது 720,000. இதோட சேர 1,200,000. முதல் 1,000,000க்கு 6 வீதம், மிச்ச 200,000க்கு 18. பிரிண்ட் காசு, இன்ரநெட்டில தொழில் பங்கு, காணி பாக்கப் போன பெற்றோல் எல்லாம் 200,000 வந்தால் 36,000 மிச்சம். லாப்டொப்பை ஒரே முறையில கழிக்கேலாது, 5 வருசத்துக்குப் பிரிக்கவேணும். 250,000 எண்டால் வருசம் 50,000. பிள்ளையள் அதில கேம் விளையாடினால் அந்தப் பங்கு வீட்டுச் செலவு!

முள்ளியவளை அக்கா:
சோலாரையும் சொல்லுங்கோவன். மின்கட்டமைப்போட தொடுத்த கூரைச் சோலார் செலவில வருசம் 600,000 மட்டும் கழிக்கலாம், சம்பளக்காரரும்தான். நாங்கள் தெரியாமல் முழு வரியும் கட்டினனாங்கள்.

கிளிநொச்சிப் பெடியன்:
பிளானுக்கு இதுவரை நான் ஒருத்தருக்கும் பில் எழுதேல்லை. முதல்ல பில் புத்தகம் ஒண்டு வாங்கிறன். அந்த மங்கினதுகள்?

வவுனியாக் கணக்கர்:
வாசிக்கக் கூடியதை இண்டைக்கே போட்டோ எடுங்கோ. இனிமேல் எண்ணெய் அடிச்ச இடத்திலயே எடுங்கோ. வருமான வரி விபரத்திரட்டுக் குடுக்க நவம்பர் 30 கடைசி.