சாம் பர்ஜெஸ்: போனது பிழையா, திரும்பி வந்தது பிழையா?

தென்சிட்னி ரசிகன்:
2014 ஆஸ்திரேலிய ரக்பி லீக் இறுதிப் போட்டியை நேற்றிரவு மறுபடி முழுதாகப் பார்த்தேன். பந்தை வாங்கி ஓடிய முதல் ஓட்டத்திலேயே சவுத் சிட்னி அணியின் சாம் பர்ஜெஸ் முகம் புல்டாக்ஸ் அணியின் ஜேம்ஸ் கிரஹாம் தலையில் மோதுகிறது. கன்ன எலும்பு முறிந்துவிட்டது. வீங்கிய முகத்தோடு கடைசி விசில் வரை ஆடுகிறார். சவுத் சிட்னி 30-6 என்று வென்றது. 1971-க்குப் பிறகு 43 ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய கோப்பை. ஆட்ட நாயகனுக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கமும் அவருக்கே.

அப்போது அவருக்கு 25 வயது. பதக்கத்தின் பளபளப்பு மங்குவதற்குள் லீக்கை விட்டுவிட்டு, ரக்பியின் இன்னொரு வடிவமான ரக்பி யூனியன் ஆட இங்கிலாந்தின் பாத் கிளப்புக்குக் கிளம்பிவிட்டார். முன்னால் நின்று மோதும் ஒரு ஃபார்வர்டுக்கு உடம்பு கொடுப்பது ஏழெட்டு நல்ல ஆண்டுகள். அதில் உச்சத்தில் இருந்த ஒன்றைப் பழகாத ஆட்டத்தில் தொலைத்தார். இது பிழை இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

ஏவன் கரை:
சொல்கிறேன். கோப்பை வாங்கியாயிற்று, பதக்கம் வாங்கியாயிற்று. 2015 யூனியன் உலகக் கோப்பை அவர் பிறந்த நாட்டில் நடக்கிறது. டியூஸ்பரியில் பிறந்த ஒருவர் அதில் ஆட ஆசைப்பட்டது பிழையா? என் வருத்தம் வேறு. மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டவர் 2015 நவம்பரிலேயே மூட்டை கட்டிவிட்டார்.

பிராட் தார்னைப் பாருங்கள். அவரும் பிரிஸ்பேன் பிராங்கோஸின் லீக் ஃபார்வர்டுதான். 2001-இல் நியூசிலாந்து யூனியன் அணிக்கு அழைத்தபோது, தனக்கே இன்னும் உறுதி வரவில்லை என்று மறுத்தார். 2003-இல்தான் அந்த அணியின், அதாவது ஆல் பிளாக்ஸின், சட்டை போட்டார். நடுவில் பிராங்கோஸுக்குத் திரும்பி 2006-இல் லீக் கோப்பை. பிறகு மறுபடி யூனியன், 2011-இல் உலகக் கோப்பை. பொறுத்தார், கிடைத்தது.

தென்சிட்னி ரசிகன்:
உங்கள் சாட்சியே உங்களுக்கு எதிராகப் பேசுகிறார், ஐயா. தார்ன் யூனியனிலும் ஃபார்வர்டாகத்தான் ஆடினார், இரு அணி ஃபார்வர்டுகளும் தோள் கோத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமின் இரண்டாம் வரிசையில். பர்ஜெஸை எங்கே நிறுத்தினார்கள்?

புதிதாக வந்தவன்:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். இரண்டும் முட்டை வடிவப் பந்துதானே? இடம் மாறினால் என்ன அவ்வளவு பெரிய சிக்கல்?

ஆறாம் எண் சட்டை:
நல்ல கேள்வி, தம்பி. இதைக் கேட்காமலேயே பத்தாண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். லீக்கில் 13 பேர், யூனியனில் 15 என்பது சின்ன வித்தியாசம். பெரியது டேக்கிளுக்கு, அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவதற்கு, பிறகு நடப்பது. லீக்கில் பிடிபட்டவர் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுவார். எதிரணியின் தடுப்பு வரிசை பத்து மீட்டர் பின்வாங்கியிருக்க வேண்டும். ஆறாவது டேக்கிளோடு பந்து கைமாறும். ஆகவே லீக் ஃபார்வர்டின் பிழைப்பு இதுதான்: ஓடு, மோது, எழு, பின்வாங்கு, திரும்ப மோது. அதில் பர்ஜெஸுக்கு இணை அன்று இரண்டு பேர்கூட இல்லை.

யூனியனிலோ டேக்கிள் முடிந்த பிறகுதான் சண்டையே தொடங்குகிறது. பந்து தரையில் கிடக்கும். யார் முதலில் குனிவது, கையை எந்த நொடியில் எடுப்பது, நடுவர் எதற்கு விசில் ஊதுவார்... இந்தக் கணக்கு சிறுவயது முதல் ஊறியிருக்க வேண்டும். ஓராண்டில் ஊறாது.

பாத் அவரை முதலில் சென்டரில், அதாவது ஸ்க்ரமுக்குப் பின்னால் ஆடுபவர்களின் நடு இடத்தில், போட்டுப் பார்த்தது. சரிப்படாமல் 6-ஆம் எண்ணுக்கு, அதாவது ஸ்க்ரமின் ஓரத்தில் ஒட்டி நிற்கும் ஃபிளாங்கர் இடத்துக்கு மாற்றியது. பாத் பயிற்சியாளர் மைக் ஃபோர்டு பழைய லீக் ஆட்டக்காரர். கையில் உள்ள சரக்கு என்னவென்று தெரிந்தவர். ஆனால் இங்கிலாந்து பயிற்சியாளர் ஸ்டூவர்ட் லங்காஸ்டர் அதே ஆளை 12-ஆம் எண்ணில், சென்டராகவே எடுத்தார். கிளப்புக்கு ஒரு வேடம், நாட்டுக்கு இன்னொரு வேடம். லங்காஸ்டரின் துணைப் பயிற்சியாளர் ஆண்டி ஃபாரெல் யார்? விகன் கிளப்பின் லீக் ஃபார்வர்டாக இருந்து, 2005-இல் யூனியனுக்குத் தாவி, 2007 உலகக் கோப்பையில் சென்டராக ஆடியவர். தன் வழியிலேயே இன்னொருவரையும் நடத்திப் பார்க்க விரும்பினார் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான், சண்டைக்கு வராதீர்கள்.

ஏவன் கரை:
ஊகத்தை விடுங்கள். சானி பில் வில்லியம்ஸும் லீக் ஃபார்வர்டுதான். யூனியனில் சென்டராகவே வெற்றி பெற்றார். ஆனால் 2008-இல் பிரான்சின் டூலோன் கிளப்புக்குப் போனவர் 2010-இல்தான் நியூசிலாந்துக்கு ஆடினார். இரண்டு ஆண்டு! மீண்டும் நான் சொன்ன இடத்துக்கே வருகிறோம்: இடம் அல்ல, அவகாசம். பர்ஜெஸுக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்திருக்கக்கூடியதை அவரும் ஏற்கவில்லை.

கார்டிஃப் மழை:
வேல்ஸ்காரர்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. 2015 செப்டம்பர் 26, ட்விக்கனம். எங்கள் முரட்டு சென்டர் ஜேமி ராபர்ட்ஸை அடக்கி வைக்கத்தான் பர்ஜெஸை இறக்கினார்கள். பெருமளவு அடக்கியும் வைத்தார். அவரை வெளியே அழைத்தபோது இங்கிலாந்து முன்னிலையில் இருந்தது. அவருக்குப் பதில் வந்தவர் ஜார்ஜ் ஃபோர்டு; ஆமாம், மேலே சொன்ன மைக் ஃபோர்டின் மகன். அதன் பிறகுதான் லாய்ட் வில்லியம்ஸ் இடது ஓரத்திலிருந்து உள்ளே உதைத்தார், கேரத் டேவிஸ் பந்தை எடுத்து எதிரணிக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி ட்ரை போட்டார், டான் பிகர் பெனால்டியை உதைத்தார். 28-25 என்று வென்றோம். கடைசி நிமிடங்களில் மூன்று புள்ளிக்கு உதைத்துச் சமன் செய்யாமல், பந்தை மூலைக்கு அனுப்பி, ஓரக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறியும் லைன்அவுட்டை எடுத்தது இங்கிலாந்து கேப்டன் கிறிஸ் ராப்ஷா. அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவிடம் 33-13. போட்டியை நடத்திய நாடு முதல் சுற்றிலேயே வெளியே! இவ்வளவுக்கும் பழி மட்டும் பர்ஜெஸ் தலையில். அன்றிரவு நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனாலும் அது அநியாயம்.

தென்சிட்னி ரசிகன்:
பழியை நானும் சுமத்தவில்லை. இங்கிலாந்து யூனியன் சட்டையில் மொத்தம் ஐந்தே ஆட்டங்கள். அதற்காக விட்டுப்போனது எதை என்பதுதான் என் கேள்வி. திரும்பி வந்த பின் 2016, 2017 இரண்டிலும் சவுத் சிட்னி இறுதிச் சுற்றுகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2018, 2019 இரண்டிலும் இறுதிப் போட்டிக்கு ஒரு படி முன்னால் விழுந்தது. 2019 அக்டோபரில் தோள் காயத்தால் ஓய்வு. வயது 30. நல்ல ஆண்டுகள் எவ்வளவு குறைவு என்று தொடக்கத்திலேயே சொன்னேன்.

ஏவன் கரை:
தோளை யூனியன் கணக்கில் எழுதாதீர்கள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தொற்றுதான் அவரை முடக்கியது. பதினேழு வயதில் பிராட்ஃபோர்டில் தொடங்கி, வாரம் தவறாமல் மோதிய தோள் அது. லீக்கில் மோதிய தோள். இன்னொன்று: திரும்பி வந்தவர் 2017 லீக் உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்துக்கு ஆடினார். பிரிஸ்பேனில், ஆஸ்திரேலியாவிடம் 6-0 என்றுதான் தோற்றார்கள். அதைத் தேய்ந்துபோன ஆள் என்பீர்களா?

தென்சிட்னி ரசிகன்:
தோள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, திரும்பப் பெறுகிறேன். தொலைந்த ஆண்டு தொலைந்ததுதான்.

ஆறாம் எண் சட்டை:
திரும்பியதை யாரும் வீட்டுக்காரர்களோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. 2013-இல் லூக், சாம், இரட்டையர்களான டாம், ஜார்ஜ் என நான்கு சகோதரர்களும் ஒரே ஆட்டத்தில் சவுத் சிட்னிக்கு ஆடினார்கள். சிட்னி லீக்கில் 1910-க்குப் பிறகு அப்படி நடந்ததில்லை. 2014 இறுதியில் 6-6 என்று சிக்கிக் கிடந்த ஆட்டத்தை உடைத்த ட்ரை, தம்பி ஜார்ஜ் போட்டது. அந்த உடைமாற்று அறையிலிருந்து பாத் போனவருக்கு, பத்திரிகைகள் தினமும் கிழித்துப் போட்ட பிறகு, எங்கே போகத் தோன்றும்?

போகிற போக்கில் ஒன்று. பர்ஜெஸுக்காக 2015 அணியிலிருந்து விடப்பட்ட சென்டர் லூதர் பரெல், 2019-இல் தானே லீக்குக்குத் தாவி வாரிங்டன் கிளப்பில் சேர்ந்தார். 2024-இல் அதே வாரிங்டனுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தவர் சாம் பர்ஜெஸ்.

தென்சிட்னி ரசிகன்:
பரெல் அங்கே நிலைத்தாரா?

ஏவன் கரை:
இல்லை, ஐயா. 2020-இல் யூனியனுக்கே திரும்பிவிட்டார்.