லு ஷம்போன்: பிறத்தியார் பிள்ளைகளை வளர்த்த மலையூர்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

பிரான்ஸ் என்றதும் எங்கட ஆட்களுக்குப் பாரிஸின் லாச்சப்பல் கடைத்தெருதான் ஞாபகம் வரும். இந்தக் கோடைக்குப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஓத் லுவார் மாவட்டத்துக்கும் ஒருக்கால் போக வேண்டும். அங்கே ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது லு ஷம்போன் சுர் லின்யோன். 2,400 பேர் அளவில் வாழும் சின்னக் கொம்யூன் (உள்ளூராட்சிப் பிரிவு).

சுற்றிவர ஊசியிலைக் காடு, புல்வெளி, அவிந்துபோன எரிமலைக் குன்றுகள். லின்யோன் ஆறு மெசாங் மலைப்பக்கமிருந்து இறங்கி, வடக்கே போய் லுவார் ஆற்றில் விழுகிறது. பனிக்காலத்தில் ‘பூர்ல்’ என்ற வாடைக்காற்று கிடக்கிற பனியை வாரி வந்து தெருவை அடைத்துவிடும். அயல் பண்ணைக்கே போக முடியாது. பழைய வீடுகளும் அதற்கேற்றபடிதான்: தடித்த கருங்கல் சுவர், கூரையில் தட்டைக் கற்பலகை, மாடும் மனிதரும் ஒரே கூரையின்கீழ், மேற்தட்டில் உலர்ந்த புல்.

மண் வளமில்லை, காற்று மட்டும் நல்லது. 1890களில் சென்தெத்தியன் நகரப் போதகர் லூயி கொம்த், நிலக்கரிப் புகைக்குள் வளர்ந்த தொழிலாளர் பிள்ளைகளை இந்தப் பண்ணைகளுக்கு அனுப்பத் தொடங்கினார். பிறகு சிறு ரயில் வந்தது, கோடை விடுதிகள் முளைத்தன. முன்பின் தெரியாத பிள்ளை வீட்டில் வந்து நின்று வளர்வது ஊருக்குப் பழகிப்போனது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நடந்ததை விளங்கிக்கொள்ள இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

அந்நாளில் ஊரில் பெரும்பாலானோர் புரட்டஸ்தாந்துகள். 1685இல் அரசன் அவர்களின் வழிபாட்டையே தடைசெய்தபோது ஒளிந்து வாழ்ந்தவர்களின் வழிவந்தவர்கள். 1940க்குப் பின் நாசிகளுக்குத் தப்பிவந்த யூதர்களைப் பண்ணைகளிலும் விடுதிகளிலும் பள்ளியிலும் வைத்துக் காப்பாற்றினார்கள். போதகர்கள் ஆந்த்ரே ட்ரோக்மேயும் எதுவார் தெய்ஸும் முன்னின்றார்கள். ஆந்த்ரேயின் உறவினர் தானியேல் ட்ரோக்மே ஒரு மாணவர் விடுதிக்குப் பொறுப்பாக இருந்தார். 1943 ஜூனில் தன் மாணவர்களோடு பிடிபட்டு, அடுத்த ஆண்டு போலந்திலிருந்த மைதானெக் நாசி முகாமில் இறந்தார். 1990இல் நாசிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்கான இஸ்ரேலின் நினைவு நிறுவனமான யாத் வஷேம் இந்த ஊரையும் அயலூர்களையும் சேர்த்துக் கௌரவித்தது.

எங்கள் சங்கக் கல்வி நிதியில் பங்கெடுப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியன்னாவிலிருந்து குடும்பத்தோடு தப்பி, சிறுவனாக இங்கு வந்து சேர்ந்தவர் எரிக் ஷ்வாம். பின்னர் லியோனில் வாழ்ந்த அவர் 2020 டிசம்பரில் இறந்தபோது, ஏறத்தாழ 20 இலட்சம் யூரோவை இந்தக் கொம்யூனுக்கு எழுதிவைத்திருந்தார். இளையோரின் கல்விக்குச் செலவிடும்படி கேட்டிருந்தார். அகதியாக வந்த எனக்கு அதை வாசித்தபோது கண் கலங்கியது.

சென்தெத்தியன் ஊடாகக் காரில் போகலாம். தேவாலயத்துக்கு எதிரே 2013இல் திறந்த நினைவிடம் இருக்கிறது. அதை முதலில் பாருங்கள். கோடையில் பழைய பாதையில் சுற்றுலா ரயிலும் ஓடும். வர நினைப்பவர்கள் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போவோம்.