பன்னிரண்டு நாள் முன்பே வந்த கடிதம்: தடுக்கத் தவறியவர் தண்டம் கட்ட வேண்டுமா?

மிஷன் வீதி வாசகி, புதுச்சேரி

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. காலைப் பூசை முடிந்து வீடு திரும்பித் தொலைக்காட்சியைப் போட்டபோதுதான் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தின் உட்புறத்தைக் காட்டினார்கள். நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய விடுதிகள் என்று அன்று காலையிலேயே வெடித்த குண்டுகளில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்பு முடித்து வந்த குழந்தைகள்.

இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் தேதியே இலங்கை உளவுத்துறைக்கு எச்சரிக்கை போயிருந்தது. பின்னர் இந்தக் குண்டுவெடிப்புகளை முன்னின்று நடத்திய சஹ்ரான் ஹாஷிமின் பெயர் அதில் இருந்தது. கத்தோலிக்க ஆலயங்களும் இந்தியத் தூதரகமும் இலக்காகலாம் என்பதும் இருந்தது. ஏப்ரல் 9ஆம் தேதி தேசிய உளவுத்துறைத் தலைவர் காவல்துறைத் தலைவருக்கு அதைக் கடிதமாக எழுதினார். 11ஆம் தேதி காவல்துறைத் துணைத் தலைவர் ஒருவர் அதைக் கீழே அனுப்பினார். யாருக்கு? அமைச்சர்கள், நீதிபதிகள், தூதர்கள், முன்னாள் குடியரசுத் தலைவர்கள் ஆகியோருக்குக் காவல் நிற்கும் பிரிவுகளுக்கு. ஆலயங்கள்தாம் இலக்கு என்று எழுதியிருந்த கடிதம் ஆலயங்களுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

2023 ஜனவரி 12 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள், அப்போது பாதுகாப்பு அமைச்சையும் கையில் வைத்திருந்த குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றும், காவல்துறைத் தலைவர் பூஜித் ஜயசுந்தரவும் அரச உளவுச் சேவைத் தலைவர் நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, அந்தக் கடிதத்தை எழுதிய தேசிய உளவுத்துறைத் தலைவர் சிசிர மெண்டிஸ் 1 கோடி கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார்கள். இந்தத் தீர்ப்பு நம் நாட்டுக்கும் முன்மாதிரியாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

தனிப்பிரிவு ஓய்வுபெற்றவர், நெல்லிக்குப்பம்

அம்மா, உங்கள் வேதனையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

காவல்துறையின் தனிப்பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஒரு நாளைக்கு எத்தனை தகவல்கள் வரும் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பேருந்து நிலையத்தில் குண்டு என்று குடிபோதையில் ஒருவர் பேசுவார். பங்காளிச் சண்டையில் ஒருவர் இன்னொருவரைத் தீவிரவாதி என்று எழுதிப் போடுவார். மேலிடத்திலிருந்து ‘பண்டிகைக் காலத்தில் விழிப்புடன் இருக்கவும்’ என்று ஆண்டுதோறும் ஒரே வாசகத்தில் சுற்றறிக்கை வரும். நடந்து முடிந்த பிறகு அந்தக் குவியலிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவி, ‘இதைப் பார்க்கவில்லையா?’ என்று கேட்பது எளிது. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலுக்கு முன்பும் கடல்வழித் தாக்குதல் பற்றியும் தாஜ் விடுதி பற்றியும் எச்சரிக்கைகள் வந்தன. தாஜ் விடுதியே சில காலம் பாதுகாப்பைக் கூட்டி வைத்திருந்து பிறகு தளர்த்தியது. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும் அடுத்த எச்சரிக்கையின் மதிப்பைக் குறைத்துவிடுகிறது. இது சோம்பல் இல்லை, மனித இயல்பு.

கோடிக்கணக்கில் தண்டம் விதித்தால் அதன்பின் என்ன நடக்கும் என்றும் நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் அலுவலரும் தம் தலை தப்புவதற்காக வந்த தாள் அத்தனையையும் ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவார். உண்மையான எச்சரிக்கை இன்னும் ஆழமாகப் புதையும்.

தேவனாம்பட்டினத்தான், கடலூர்

பெரியவர் சொன்ன குவியல் எங்களுக்கும் பழக்கம்தான். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். பல முறை புயல் வேறு பக்கம் திரும்பிப் போயிருக்கிறது. தொழிலுக்குப் போகாமல் கரையில் கிடந்த நாட்களுக்கு எங்களுக்கு யாரும் கணக்குக் கொடுத்ததில்லை. ஆனாலும் 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது படகுகள் கடலில் இல்லை. பத்து முறை பொய்த்த கூண்டுக்குப் பதினோராம் முறையும் நாங்கள் கட்டுப்பட்டோம். ஏனென்றால் கூண்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும். கோப்புக்குள் கிடக்கிற கூண்டை யார் பார்ப்பது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மும்பைக்குப் பிறகு பொறுப்பு எங்கே வந்து இறங்கியது தெரியுமா? எங்கள் தலையில். குபேர் என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் அந்தப் பத்துப் பேர் வந்தார்கள். அதில் இருந்த மீனவர்களையும் கொன்றார்கள். முதலில் செத்தவர்கள் எங்கள் தொழிலைச் செய்தவர்கள். அதற்குப் பிறகு மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவு, கடலில் நிறுத்திச் சோதனை எல்லாம் எங்களுக்கு. சாகர் கவாச் என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையில் காவலர்கள் தீவிரவாதிகளைப் போல வேடமிட்டுப் படகில் வருகிறார்கள், நாங்களும் தகவல் சொல்கிறோம். நாட்டுக்காக அதைச் செய்வதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் எச்சரிக்கையைத் தவறவிட்ட மேசைகளில் எது சோதிக்கப்பட்டது என்று யாராவது சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்

தேவனாம்பட்டினத்து அண்ணனின் கேள்விக்குச் சட்டப்படி விடை சொல்கிறேன். 2008 நவம்பர் 30 அன்று உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் பதவி விலகினார். மகாராஷ்டிர முதலமைச்சர் விலாஸ்ராவ் தேஷ்முக்கும் மாநில உள்துறையைக் கவனித்த ஆர்.ஆர். பாட்டீலும் அடுத்தடுத்து விலகினார்கள். அடுத்த ஆண்டே ஆர்.ஆர். பாட்டீல் அதே துறைக்குத் திரும்பினார். மாநில அரசு அமைத்த ராம் பிரதான் குழு மும்பைக் காவல்துறையின் செயல்பாட்டை ஆராய்ந்தது. மத்திய உளவு அமைப்புகளை விசாரிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. 166 உயிர்கள் போன தாக்குதல் குறித்து நாடு தழுவிய விசாரணை ஆணையம் அமைக்கப்படவே இல்லை.

நம் உளவுப் பணியகம் நாடாளுமன்றம் இயற்றிய எந்தச் சட்டத்தின்கீழும் உருவானதன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவல்கள் நீங்கலாக, அதற்கு விலக்கு அளிக்கிறது. 2011இல் நாடாளுமன்ற உறுப்பினர் மணீஷ் திவாரி உளவு அமைப்புகளுக்குச் சட்டவரையறை வேண்டும் என்று கொண்டுவந்த தனிநபர் மசோதாவும் நிறைவேறவில்லை. ஆகவே இங்கே தண்டம் விதிப்பது சரியா என்ற கேள்வி எழுவதற்கே இடமில்லை. கடிதம் வந்ததா என்பதே நமக்குத் தெரிய வராது.

தனிப்பிரிவு ஓய்வுபெற்றவர், நெல்லிக்குப்பம்

வழக்கறிஞர் தம்பி, ஆணையம் வேண்டும் என்பதில் நான் உங்களோடு சேருகிறேன். ஆனால் 2001 செப்டம்பர் 11 தாக்குதலை விசாரிக்க அமெரிக்காவில் 2002 இறுதியில் அமைத்த ஆணையத்தைப் பாருங்கள். பின் லேடன் அமெரிக்காவுக்குள் தாக்க உறுதியாக இருக்கிறார் என்று 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி குடியரசுத் தலைவருக்குக் கொடுத்த குறிப்பையே அது வெளியே கொண்டுவரச் செய்தது. அவ்வளவு செய்த ஆணையமும், தனி ஒருவர் மீது பழி சுமத்துவது தன் நோக்கமில்லை என்று 2004 அறிக்கையின் முன்னுரையிலேயே சொல்லிவிட்டது. அப்படிப் பழி தேடாத விசாரணையில்தான் அலுவலர்கள் மனம் திறந்து பேசுவார்கள். சொத்தை இழக்க நேரும் என்று அஞ்சுகிறவன் வாயே திறக்க மாட்டான்.

இலங்கையிலும், பூஜித் ஜயசுந்தரவையும் ஹேமசிறி பெர்னாண்டோவையும் கொழும்பு மேல் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 2022 பிப்ரவரியில் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தார்களே, அதை ஏன் யாரும் இங்கே சொல்லவில்லை?

மட்டக்களப்பிலிருந்து வந்தவன், கடலூர் மாவட்டம்

நான் இங்கு முகாமில் வளர்ந்தவன்; உறவுகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஐயா சொல்லும் குவியல் கதை எங்கள் ஊருக்குப் பொருந்தாது. 2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவில் இரண்டு காவலர்கள் சோதனைச் சாவடியில் கொல்லப்பட்டார்கள். உடனே முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து அடைத்தார்கள். புலிகள்தான் செய்திருப்பார்கள் என்று முடிவு செய்தபின் வேறு திசையில் தேடவே இல்லை. அதைச் செய்தவர்கள் சஹ்ரானின் ஆட்கள் என்பது ஈஸ்டர் குண்டுகள் வெடித்த பிறகுதான் தெரிந்தது. பிடிபட்டவர் 2019 மே மாதம் விடுதலையானார். இடையில் ஜனவரியில் வண்ணாத்தவில்லில் வெடிமருந்துக் கிடங்கே சிக்கியது. ஏப்ரல் 16ஆம் தேதி காத்தான்குடியில் ஒரு மோட்டார் சைக்கிளை வெடிக்க வைத்துச் சோதித்தார்கள்.

அங்கே தகவல் மிகுதியாக இருந்தது என்பது உண்மைதான். ஆனால் யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார்கள். அந்த முடிவுக்காக ஒரு தமிழர் சிறையில் கிடந்தார். சீயோனில் எங்கள் பிள்ளைகள் இறந்தார்கள். இதற்கு மனித இயல்பு என்று பெயர் வைக்க என்னால் இயலவில்லை.

மஞ்சக்குப்பம் வழக்கறிஞர்

விடுதலைத் தீர்ப்பைப் பற்றி ஐயா கேட்டது நியாயமான கேள்வி. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்துக்கு வந்தவை அடிப்படை உரிமை மனுக்கள். கடமையில் தவறியதால் குடிமக்களின் உரிமை மீறப்பட்டதா என்பது மட்டுமே அங்கே கேள்வி. ஒருவரைச் சிறைக்கு அனுப்பப் போதாத சான்று, அவர் கடமை தவறினார் என்று சொல்லப் போதுமானதாக இருக்கலாம்.

இன்னொரு செய்தி. நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று தலைநகரில் குண்டு வைத்தவனின் வண்டி எண்ணை ஒருவர் சில நிமிடங்களிலேயே காவல்துறைக்குத் தொலைபேசியில் சொன்னார். அதை ஒரு மஞ்சள் துண்டுத் தாளில் எழுதி வைத்தார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் அது மேசையிலேயே இருந்தது. அவன் உட்டோயா தீவுக்குப் போய் இளைஞர்களைச் சுட்டான்; மொத்தம் 77 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு விசாரணை ஆணையம் அந்தத் துண்டுத் தாளின் பயணத்தை நிமிடக் கணக்கில் எழுதியது. சில நாட்களில் காவல்துறைத் தலைவர் பதவி விலகினார். பெயரும் இலக்கும் எழுதிய தாள் உங்கள் கைக்கு வந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள், ஐயா?

தனிப்பிரிவு ஓய்வுபெற்றவர், நெல்லிக்குப்பம்

நேர்மையாகச் சொல்கிறேன். அந்த ஆலயம் இருக்கும் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசியிருப்பேன். பங்குத்தந்தையிடம் ஆள் அனுப்பியிருப்பேன். அதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டாம், மேலிட உத்தரவும் வேண்டாம். மட்டக்களப்புத் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். அவரிடம் குவியலைக் காரணம் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஓர் ஐயம் நீங்கவில்லை. தகவல் கொடுத்தவன் யார் என்பது வெளியானால் அவன் உயிர் போகும். திறந்த நீதிமன்றத்தில் இதையெல்லாம் எப்படி விசாரிப்பது?

மிஷன் வீதி வாசகி, புதுச்சேரி

அதற்கும் வழி இருக்கிறது, ஐயா. 2017 மே 22 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் இசை அரங்கில் 22 பேர் கொல்லப்பட்டதை விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் சாண்டர்ஸ், உளவுத்துறையினரின் சாட்சியத்தை மூடிய அறையில் கேட்டார். இரகசியங்களை வெளியிடாமலே, தாக்குதலைத் தடுத்திருக்கக்கூடிய முக்கியமான வாய்ப்பு ஒன்று தவறவிடப்பட்டது என்ற முடிவை 2023 மார்ச்சில் வெளியிட்டார். உளவுத்துறைத் தலைவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிது என்பதை நான் நினைத்துப் பார்க்கிறேன்.

தனிப்பிரிவு ஓய்வுபெற்றவர், நெல்லிக்குப்பம்

அப்படி மூடிய அறை விசாரணை ஒன்று இந்நாட்டில் அமைந்தால், குவியல் எப்படி உருவாகிறது, தாள் எந்த மேசையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைச் சொல்ல நானே வருகிறேன். சொந்தப் பணத்தில் தண்டம் என்பதற்கு மட்டும் இன்னும் உடன்படவில்லை. அதைப் பற்றி வழக்கறிஞர் தம்பி மேலும் எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன்.