வலிக்கும்படி குட்டு

பள்ளியில் பட்ட தண்டனைகளைப் பற்றி, பிரம்படி வாங்கியது, முட்டி போட்டது, வெயிலில் நின்றது என்று இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அவை உண்டு, பெரும்பாலும் மறந்துவிட்டன. மறக்காமல் இருப்பது நான் கொடுத்த அடி.

1989ஆம் ஆண்டு, காவிரிக் கடைமடையில் ஒரு கிராமம், ஆறாம் வகுப்பு. எங்கள் கணக்கு வாத்தியார் தன் கையால் அதிகம் அடிக்கமாட்டார். வாய்ப்பாடு கேட்பார். தெரியாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். யார் சரியாகச் சொல்கிறார்களோ அவர்கள், நிற்பவர்கள் தலையில் வரிசையாகக் குட்டிக்கொண்டே போக வேண்டும். என் அப்பா ரேஷன் கடையில் எடை போடுபவர். சோற்றைப் பிசைந்துகொண்டே பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். அதனால் அந்த வருடம் முழுக்கக் குட்டும் வேலை எனக்குத்தான் வந்தது.

நிற்பவர்களில் என் பெஞ்சுத் தோழியும் ஒருத்தி. அவள் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அம்மா விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விட்டால், தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்து, பால்வாடியில் விட்டுவிட்டுத்தான் இவள் பள்ளிக்கு வருவாள். அவள் எப்போது உட்கார்ந்து வாய்ப்பாடு படிப்பது? வாத்தியாருக்கும் இது தெரியும். தாமதமாக வந்ததற்கு ஒரு முறையும் வாய்ப்பாட்டுக்கு ஒரு முறையும் அவளை நிறுத்துவார்.

முதல் நாள் நான் அவள் உச்சியில் விரலை வைத்து எடுத்தேன், அவ்வளவுதான். வாத்தியார் பார்த்துவிட்டார். "இங்கே வா. குட்டத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டு என் தலையில் ஒன்று வைத்தார். கண்ணில் நீர் முட்டியது. "இப்படிக் குட்டு. வலிக்கும்படி குட்டு. சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்."

திரும்பிப் போனேன். நேர்வகிடு எடுத்து, எண்ணெய் வழிய வாரி, இரட்டைப் பின்னலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். வகிட்டின் மேலேயே என் நடுவிரல் முட்டி பட்டது. சத்தம் கேட்டது. வகுப்பு சிரித்தது. அவள் அழவில்லை. என் விரலில் அவள் தலை எண்ணெய் ஒட்டியிருந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் கை பழகிவிட்டது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். சத்தம் நன்றாக வந்தால் வாத்தியார் லேசாகத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காக ஓங்கிக் குட்டியிருக்கிறேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பின் பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வரவே இல்லை. அறுப்புக்கு ஆள் வேண்டியிருந்தது, நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னார்கள். இருக்கலாம். அது மட்டும்தான் காரணம் என்று என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு திருமணத்தில் அவளைப் பார்த்தேன். "பதினாறாம் வாய்ப்பாடு மூச்சு விடாமல் சொல்வாயே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே கை. நான் எதையும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பந்திக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டோம்.

*

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் இடைநிலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் வாத்தியார் செய்ததை நானும் செய்திருக்கிறேன். என்னைப் படிக்க வைத்தவர்களும் செய்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் இதற்கென்றே சட்டாம்பிள்ளை, அதாவது மற்றப் பிள்ளைகளை அடக்கிவைக்கும் மாணவன், இருந்தான். பையனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையைப் பற்றி என் தாத்தா பெருமையாகவே சொல்வார். அந்தப் பெருமை எங்கள் கைக்கும் வந்து சேர்ந்தது.

2003இல் அரசு தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் திருத்தி, பள்ளியில் உடல் தண்டனை கூடாது என்றது. ஆசிரியர் அறையில் ஒரு வாரம் அதே பேச்சு. எங்கள் கையைக் கட்டிவிட்டார்கள் என்று புலம்பினோம். நானும் பிரம்பை பீரோவுக்கு மேல் தூக்கிப் போட்டேன். வாயை எங்கேயும் தூக்கிப் போடவில்லை.

ஒரு பையன். கணக்கில் தடுமாறும்போதெல்லாம் "நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பேன். அவன் உண்மையிலேயே காலையும் மாலையும் ஆடு மேய்த்துவிட்டு வருகிறவன், அவன் அப்பாவுக்கும் அதுதான் தொழில். அவர் வேலையை எடுத்து அவர் பிள்ளை முகத்திலேயே வசவாக வீசியிருக்கிறேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று ஊரில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

*

ஐயா, நீங்கள் இதை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. அடிக்காமலேயே தண்டிப்பதைப் பற்றி நானும் சொல்கிறேன், இது போன வருடம் நடந்தது.

கோவையில் ஒரு தனியார் பள்ளி. என் மகன் ஏழாம் வகுப்பு. விடைத்தாளில் மதிப்பெண் கூட்டல் தவறு என்று வகுப்பில் எழுந்து சொன்னான். தவறுதான், நானும் கூட்டிப் பார்த்தேன். ஆசிரியை அவனை உட்காரச் சொல்லிவிட்டு, இந்த வாரம் முழுக்க யாரும் இவனோடு பேசக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார். பேசுகிறவர்கள் பெயரை எழுத லீடரிடம் ஒரு நோட்டுப் புத்தகம். லீடர் யார் தெரியுமா? தினமும் இவனோடு சைக்கிளில் வருகிற பையன்.

என் மகன் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. டிபன் பாக்ஸ்தான் காட்டிக்கொடுத்தது. இட்லியைக் கொடுத்து யாரிடமாவது எலுமிச்சைச் சாதம் வாங்கித் தின்கிறவன் அவன். மூன்று நாட்களாக நான் வைத்த இட்லி வைத்தபடியே, பொடி காய்ந்துபோய்த் திரும்பி வந்தது. நான்காம் நாள் இரவு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

முதல்வரைப் பார்த்தோம். "அவன் மேல் யாரும் கைகூட வைக்கவில்லையே" என்றார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது, மீறுகிறவர் மேல் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது. படித்துக் காட்டினேன். பிறகுதான் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

இங்கே படிக்கிற பெற்றோருக்கு ஒன்று. வாய்ச்சொல்லாகப் புகார் சொல்லாதீர்கள். நடந்த தேதி, பாடவேளை, சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி அசையவில்லை என்றால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது. பிள்ளைகளே நேரடியாகக் கூப்பிடலாம்.

ஆசிரியை வகுப்பில் மன்னிப்புக் கேட்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னதாக எழுதிக் கொடுத்தார், நோட்டுப் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எனக்கு அதில் திருப்தி இல்லை, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் மனு அனுப்பியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை லீடர் பையன் எங்கள் வாசலில் சைக்கிளோடு நின்றான். உள்ளே வா என்று கூப்பிட்டேன், வரவில்லை. "செயின் கழன்றுவிட்டது, ஆண்ட்டி" என்றான். என் மகன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றான். பிறகு பழைய துணி ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.